துலாபாரத்து எடை

மகனே,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கித்தான் இத்தனை வருஷமும் உனக்கு எழுதிவந்தேன். இன்று அப்படித் தொடங்க மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது. கல்யாணம் நிச்சயமான செய்தியைப் படித்து, வாசலுக்குப் போய் எதிர் வீட்டு வாத்தியாரிடம்கூடச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பிய பிறகுதான் உட்கார்ந்தேன். "நைனா, நீங்கள் மட்டும் வாருங்கள், அம்மா வர வேண்டாம்" என்று எழுதியிருந்தாய். பெண் வீட்டார் பெரிய இடம், மழித்த தலையோடு மாப்பிள்ளையின் தாயார் வந்து நின்றால் நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள் என்று ஒரு காரணமும் சொல்லியிருந்தாய். அது காரணமல்ல. உண்மையான காரணத்தை இன்னும் கொஞ்சம் கீழே, உன் வேலையைப் பற்றி எழுதும்போது நீயே எழுதிவிட்டாய். உங்கள் மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்துக்குத் தாலியம் வந்திருக்கிறது என்றும், உன் தங்கை தேவானைக்குக் கொடுத்த மருந்தை உட்கார்ந்து கணக்குப் போட்டாய் என்றும், பொட்டலத்தில் பாதியை மட்டும் அம்மா கொடுத்திருந்தால் அவள் இன்று பதின்மூன்று வயதுப் பெண்ணாக நம் வீட்டில் நடமாடிக்கொண்டிருப்பாள் என்றும் எழுதியிருந்தாய். உன் கணக்கில் தப்பில்லை. அந்தக் கணக்குக்கு நான் கொடுத்த தகவல்தான் பொய். எட்டு வருஷமாக நீ அதை வைத்துக்கொண்டு உன் அம்மாவை வெறுத்துவருகிறாய்.

அந்த உலோகத்தைப் பற்றி உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் நீ அதை முதலில் பார்த்தது காலேஜில் அல்ல, மலையடிவாரத்தில் நான் கம்பவுண்டராக இருந்த டாக்டரின் மருந்துக்கடையில்தான். யுத்தம் தொடங்கிய பிறகு, சீமை மருந்து வருவது குறைந்துபோன காலம். டாக்டர் எங்கேயோ சொல்லி வைத்து, ஒரு சிறிய பாட்டிலில் தாலியம் உப்பையும், வேடிக்கைக்காக எண்ணெயில் போட்டு வைத்த ஒரு துண்டு உலோகத்தையும் வாங்கி வந்திருந்தார். அந்தத் துண்டைப் பேனாக்கத்தியால் அறுத்தார். வெண்ணெய் மாதிரி அறுந்தது. அறுத்த இடம் வெள்ளி போலப் பளபளத்தது, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கி ஈயம் போல ஆனது. ஒரு கம்பி நுனியில் உப்பைத் தொட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். சுடர் நாற்றங்கால் பச்சையில் எரிந்தது. பதினான்கு வயதில் நீ வாயைப் பிளந்துகொண்டு நின்றாய். "இன்னொரு தபா காட்டுங்க சார்" என்று மூன்று முறை கேட்டாய். கெமிஸ்ட்ரி படிக்கிறேன் என்று அன்று மாலை நீ சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பாதரசத்துக்கும் ஈயத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிற உலோகம் இது, இரண்டு பக்கமும் விஷம், அது மட்டும் எப்படி நல்லதாக இருக்கும் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னதும் நினைவிருக்கிறது. விசேஷமான கண்ணாடி வில்லை செய்ய அதைச் சேர்ப்பார்களாம். எலிக்கு வைப்பார்களாம், நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை என்பதால் எலி சந்தேகப்படாதாம். கொஞ்சமாகக் கொடுத்தால் தலைமுடி முழுவதும் வேரோடு கழன்றுவிடும் என்பதால், தலையில் படை வந்த குழந்தைகளுக்குச் சீமையில் கொடுக்கிறார்களாம். அதற்காகத்தான் வாங்கினார்.

தேவானைக்கு அந்த வருஷம் தலையில் படை வந்திருந்தது. வட்டம் வட்டமாகப் பொருக்கு, நீர் வடிதல், அரிப்பு. சீயக்காய், வேப்பெண்ணெய், கந்தகக் களிம்பு எல்லாம் போட்டாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் மற்ற குழந்தைகளுக்கு ஒட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். மலையில் மொட்டை போடுகிறவர் அவள் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்தத் தலையில கத்தி வெக்க மாட்டேன்மா, புண்ணு ரத்தம் கக்கும்" என்று கையை எடுத்துவிட்டார். மழித்தாலும் பயனில்லை, படை முடியின் வேரில் இருக்கிறது, வேரோடு போக வேண்டும் என்றார் டாக்டர். உன் அம்மாவிடம் சொன்னேன். "கத்தி வேணாமா? தானா கொட்டிடுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆங், தானாகக் கொட்டிவிடும், பிறகு புது முடி வரும் என்றேன். நீங்க சொன்னா சரி என்றாள். எப்போதும் அவள் சொல்வது அதுதான். மருந்து விஷயத்தில் நான் சொல்வது அவளுக்கு மலைமேல் இருப்பவர் சொல்வது மாதிரி.

இந்த மருந்தைக் குழந்தையின் எடைக்கு இவ்வளவு என்று நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும். முடியைக் கழற்றுகிற அளவுக்கும் ஆளைக் கொல்கிற அளவுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ரொம்பச் சின்னது. டாக்டர் அதை எனக்கு ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னார். "வீட்டுத் தராசு, மண்டித் தராசு எதுவும் வேணாம்யா. ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டுக்குத் தூக்கிகினு போ, வெறும் பாவாடையோட நிறுத்து, எழுதிகினு வா." தலையாட்டினேன். அப்போது ஆடிக் கிருத்திகை நெருங்கிவிட்டது. உனக்குத் தெரியும், அந்த நாட்களில் அடிவாரத்து மருந்துக்கடை என்ன பாடுபடும் என்று. காவடியோடு நடந்து வந்தவர்களின் கால் கொப்புளம், வெயிலில் மயங்கி விழுந்தவர்கள், கூட்டத்தில் நசுங்கிய விரல்கள். மூன்று நாள் நான் உட்காரவில்லை. கூட்ஸ் ஷெட்டுக்குப் போக நேரமில்லை என்று உனக்குச் சொன்னால் அதுவும் அரைப் பொய்யாகும். அரை மணி நேரம் கிடைத்திருக்கும். போகத் தேவையில்லை என்று நினைத்தேன். எனக்கு எடை முன்பே தெரியும் என்று நினைத்தேன்.

பங்குனியில் மலைமேல் தேவானைக்குத் துலாபாரம் கொடுத்தோம் அல்லவா? கைக்குழந்தையாக இருந்தபோது ஜன்னி கண்டு பிழைத்ததற்காக, அவள் எடைக்கு வெல்லம் கொடுப்பதாக உன் அம்மா வேண்டிக்கொண்டது. ஐந்து வருஷம் கழித்துத்தான் முடிந்தது. பதினான்கு வீசை வெல்லம் ஆயிற்று. சந்நிதியில் நிறுத்த எடை, நாலே மாதம்தான் ஆகிறது, இதைவிடச் சரியான தராசு எங்கே இருக்கிறது என்று எண்ணினேன். சீட்டில் பதினான்கு வீசை என்று எழுதினேன். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "நிறுத்துப் பாத்தியா?" என்று கேட்டார். "ஆங், பாத்தேங்க" என்றேன். அந்த எடைக்கு உரிய மருந்தைக் கணக்கிட்டார். நான் என் கையால் நிறுத்து, ஒரே பொட்டலமாக மடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து உன் அம்மாவிடம் கொடுத்து, முழுவதையும் தண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிடு என்று சொன்னேன். முழுவதையும் என்றுதான் சொன்னேன், மகனே. இதை மட்டும் நன்றாகப் படித்துக்கொள்.

முதல் இரண்டு வாரம் ஒன்றுமில்லை. பிறகு முடி கழலத் தொடங்கியது. நாலைந்து நாளில் தலை சுத்தமாகிவிட்டது. உன் அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தலையணையில் இருந்த முடியையெல்லாம் பொறுக்கி ஒரு துணியில் முடிந்து வைத்தாள், அடுத்த மாதக் கிருத்திகைக்கு மலையில் செலுத்துவதற்கு. தேவானை கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, "அம்மா, நான் தாத்தா ஆயிட்டேன்" என்று சிரித்தாள். நீயும் அவள் மண்டையைத் தட்டித் தாளம் போட்டாய். அதற்கு இரண்டு நாள் கழித்துப் பாதம் எரிகிறது என்று அழ ஆரம்பித்தாள். போர்வையின் ஓரம் காலில் பட்டால்கூட அலறினாள். நிற்க முடியவில்லை. பிறகு மூச்சு வாங்கியது. டாக்டர் வீட்டுக்கு வந்தார். அந்த மாலை நீ கதவோரம் நின்றுகொண்டிருந்தாய். அவர் என்னைப் பார்த்து, "டோஸ் கூடியிருக்குய்யா. எடை சரிதானே? நீதானே பாத்தே?" என்றார். அந்த நிமிஷத்தில் என்னால் ஒரே ஒரு உண்மையைச் சொல்லியிருக்க முடியும். என்ன பயம் என்று இப்போது யோசித்தால் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. வேலை போகும் என்ற பயம், உன் முன்னால் தலை குனிய வேண்டும் என்ற பயம். "எடை சரிங்க. மறு தபா தேவைப்பட்டா இருக்கட்டும்னு சேத்துக் கட்டினேன். பாதி குடுன்னு சொன்னேன், இவ முழுசும் கலக்கிக் குட்த்துட்டா" என்றேன். வாயில் எப்படி வந்தது என்று தெரியாது. முன்பே தயாரித்து வைத்திருந்தது போல வந்தது.

உன் அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, சந்தேகம்கூட இல்லை. தான் எதையோ மறந்துவிட்டோமோ என்று தேடுகிறவளின் முகம். உன்னைப் பார்த்தாள். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

மறுநாள் காலை மதராஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் புறப்பட்டோம், உன்னை வாத்தியார் வீட்டில் விட்டுவிட்டு. ஸ்டேஷனில் வண்டி தாமதம். உன் அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் கூட்ஸ் ஷெட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதே. தராசுப் பலகையில் என் மேல்துண்டை விரித்து அவளைப் படுக்க வைத்தேன். அங்கே இருந்த ஆள் குண்டு நகர்த்திப் பார்த்துவிட்டு, "பத்து வீசைகூட முழுசா இல்லீங்க" என்றான். நோயில் இளைத்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று வாரத்தில் நாலு வீசை இளைக்கிற குழந்தை உண்டா? பல நாள் கழித்து மலைமேல் துலாபாரம் நிறுக்கிறவரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அவர் சிரித்தார். "சாமிக்குக் குடுக்கறதுல சரியா நிறுப்பாங்களா? வெல்லத் தட்டு தரையில உக்காரணும். உக்காந்த பெறகும் ரெண்டு கை அள்ளிப் போடறது வழக்கம். குறைஞ்சிட்டா தோஷமாச்சே." அன்று குழந்தைக்குப் பட்டுப்பாவாடை கட்டி, அவள் அம்மாவின் நகையைப் போட்டு, மடியில் ஒரு பித்தளைக் குடத்தையும் வைத்து உட்கார்த்தியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அத்தனையும் சேர்ந்ததுதான் நான் சீட்டில் எழுதிய எடை. ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் துலாபாரம் அப்படித்தான் நடக்கிறது என்று எனக்குத் தெரியாதா? நானே அன்று இரண்டு கை அள்ளிப் போட்டேன்.

அரக்கோணத்தில் வண்டி மாறினோம். மணவூருக்கு முன்னால், உன் அம்மாவின் மடியில், தேவானை போய்விட்டாள். மணவூரில் இறங்கிவிட்டோம். மேலே போய் என்ன செய்வது? பிளாட்பாரத்தில் ஒரு மரத்தடியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். பிறகு நிமிர்ந்து, "நீங்க பாதின்னா சொன்னீங்க? எனக்கு ஞாபகமே வர்லியே" என்றாள். அங்கே டாக்டர் இல்லை, நீ இல்லை, எங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தராசும் பார்த்தாகிவிட்டது. அப்போதும் நான், "ஆங், சொன்னேன்" என்றேன். முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அவள் தலையை ஆட்டினாள். அதன் பிறகு இன்றுவரை அதைப் பற்றி அவள் கேட்டதில்லை.

அவள் செய்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும் தன் தலையை மழித்துக் கொடுத்துவிட்டு வருகிறாள். வீட்டில் எவருக்கும் தன் கையால் மருந்து கொடுப்பதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் கஷாயத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டு, "நீங்களே ஊத்திக்கோங்க" என்பாள். நீ அவள் பரிமாறினால் சாப்பிட மாட்டேன் என்று எழுந்து போன முதல் நாள், அவள் சோற்றுப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து நீ மதராஸுக்குப் போகும்வரை உனக்கு நான்தான் பரிமாறினேன். நல்ல தகப்பன் என்று நீ என்னை நம்பினாய், நானும் அந்தச் சோற்றை உனக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்குப் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அந்த யோக்கியதை இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நீ படித்தவன். உன் பெண்டாட்டி நீ சொல்வதை நம்புவாள். அப்படி நம்பப்படுவது சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. நீ தவறு செய்தால் அவள் தன்னைத்தான் சந்தேகப்படுவாள், உன்னை அல்ல. எதிர்த்துப் பேசத் தெரியாதவள் தலையில் எதை வைத்தாலும் நிற்கும். அவளுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் கற்றுக்கொடு. நான் கற்றுக்கொடுக்கவில்லை. ஒருவேளை உன் அம்மா அந்தச் சீட்டைப் படித்திருந்தால், பதினான்கு வீசையா, எம் பொண்ணா என்று அன்றே கேட்டிருப்பாள். இடுப்பில் தூக்கித் திரிந்தவளுக்குத் தெரியாத எடையா? ஆய்வுக்கூடத்திலும் சரி, வேறொருவன் நிறுத்ததை நம்பி எழுதாதே. எந்தத் தராசு, எதற்காக நிறுத்தது என்று கேள்.

நேற்றுக் காலை, அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் கை நிற்கவில்லை. பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "எவ்ளோ கூடிப் போச்சி?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. "மருந்து. எவ்ளோ கூட?" என்றாள். பழைய கைத்தராசு இன்னும் வீட்டில் இருக்கிறது. சமையல் உப்பை நுணுக்கி, அன்று கொடுத்திருக்க வேண்டியதை ஒரு காகிதத்திலும், அதிகமாகப் போனதை இன்னொரு காகிதத்திலும் நிறுத்து வைத்தேன். இரண்டாவது காகிதத்தில் ஒரு விரல் நுனியில் ஒட்டுகிற அளவுதான் இருந்தது. "இவ்ளோதானா?" என்றாள். ஆங் என்றேன். அதை விரலால் ஒற்றி எடுத்து நாக்கில் வைத்தாள். "கரிக்கக்கூட இல்லியே" என்றாள். அப்புறம்தான் அழுதாள். தேவானை போன அன்று மணவூரில்கூட அப்படி அழவில்லை. நான் கிட்டே போனேன். கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

மத்தியானம் வந்து, "அவனுக்கு எழுதுங்க" என்றாள். எழுதுகிறேன், அவளையும் கல்யாணத்துக்கு அழைக்கச் சொல்லி எழுதுகிறேன் என்றேன். "அத எழுதாதீங்க. அவனுக்கா தோணணும். நடந்தத மட்டும் எழுதுங்க" என்றாள். எழுதியதும் படித்துக் காட்டுகிறேன் என்றேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள், எட்டு வருஷத்தில் முதல் தடவையாக. "நீங்க படிக்க வேணாம். நீங்க சொன்னதத்தான் இத்தினி வருஷம் கேட்டுகினு இருந்தேன். வாத்தியார் பொண்ணு வந்து படிக்கட்டும்."

அதனால் இந்தக் கவரை ஒட்டாமல் வைக்கிறேன். நாளைக் காலை அந்தப் பெண் வந்து கூடத்தில் உட்கார்ந்து இதை உரக்கப் படிப்பாள். கூடத்து ஜன்னல் தெருவைப் பார்த்தது. அதைச் சாத்தட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கேட்டு முடித்த பிறகு இதை அனுப்புவதும் கிழித்துப் போடுவதும் அவள் இஷ்டம். இது உன் கைக்கு வந்திருக்கிறதென்றால், முழுவதையும் கேட்டுவிட்டு, அனுப்பு என்று அவள்தான் சொல்லியிருக்கிறாள். எனக்குப் பதில் போடாதே. போடுவதாக இருந்தால் கவரின் மேல் அவள் பெயரை எழுது. இந்த வீட்டுக்கு அவள் பெயரில் இதுவரை ஒரு கடிதமும் வந்ததில்லை.